மச்சான் மரியாதையாகப் பேசிய வாரங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. எங்கள் ஊர் இலுப்பூரில் பத்தாவது வரை படித்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பெயர்கள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவேன். இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதுவதே அதிகம். அதிலும் கெட்ட வார்த்தைகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், பெரிய வார்த்தைகள் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கை வராது. எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

1

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பரோட்டா மாஸ்டராக ஓட்டல் வேலைக்கு வந்தவன், இப்போது ஒரு ஆஸ்பத்திரி சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். மனைவி செல்வி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் இலக்கியாவுக்குப் பதினைந்து வயது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது ஓட்டல் சமையற்கட்டு. அங்கே இருந்த தலைமைச் சமையல்காரர் வெள்ளைக்காரர். அவர் வாயில் நாலெழுத்து வார்த்தை ஒன்று நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். அடுப்பு சூடு என்றாலும் அந்த வார்த்தை, மீன் நன்றாக இருக்கிறது என்றாலும் அந்த வார்த்தை, மழை வந்தாலும் முதலாளி வந்தாலும் அதே வார்த்தை. ‘ரொம்ப’ என்பதற்கு ஆங்கிலத்தில் இதுதான் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

முதல் குளிர்காலத்தில் டாக்டரிடம் பெயர் பதியப் போனேன். வரவேற்பில் இருந்த அம்மாள் வயதானவர், முகத்தில் அன்பு உள்ளவர். கேட்ட விவரங்களையே திரும்பத் திரும்பக் கேட்டார். விலாசத்துக்கு ஆதாரம் கேட்டார், கொடுத்த ஆதாரம் போதாது என்றார். நான் சங்கடப்படுவதைப் பார்த்துவிட்டு, குளிர் எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டார். குளிரைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான், அது அந்த நாலெழுத்து வார்த்தையோடு சேர்ந்தது. மகிழ்ச்சியோடு, சத்தமாக, சமையற்கட்டில் சொல்வதுபோலவே சொன்னேன். பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளி, மெதுவாக, “இங்கே வேண்டாமப்பா” என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

வார்த்தை தப்பு என்று அவர் சொல்லவில்லை, இடம்தான் தப்பு என்றார். அது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. இந்த நாட்டில் அந்த வார்த்தைகளுக்கு இடக் கணக்கு இருக்கிறது. சமையற்கட்டில் சொல்லலாம், முன்னால் சாப்பிடுகிறவர்கள் காதில் விழக் கூடாது. லாரிக்குள் சொல்லலாம், ஆபீசில் கூடாது. யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது இவர்களுக்கு அவ்வளவு பெரிதில்லை.

எங்கள் பக்கம் அப்படி இல்லை. இடம் எதுவாகவும் இருக்கலாம், நடுத்தெருவாகவும் இருக்கலாம். ஆள்தான் கணக்கு.

2

என் கணக்கில் அந்த ஆள் கருப்பையா. என் தாய்மாமன் மகன், செல்விக்கு உடன்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். இலுப்பூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவன். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் படித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மதியம் ஆகும்போது அவனுக்குச் சாயங்காலம். கடையைச் சாத்திவிட்டுப் போன் செய்வான். நான் வாரம் முழுமைக்கும் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன். கை ஈரமாக இருக்கும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துவிடுவேன்.

“என்னடா எடுபட்ட பயலே, உசுரோட இருக்கியா, இல்ல பனியில வெறச்சுப் போயிட்டியா?”

“இருக்கேன் மச்சான்.”

“இருந்து என்னத்தக் கிழிச்ச? ஒனக்குப் போயி எந்தங்கச்சியக் கட்டிக் குடுத்தாரு பாரு, எங்கப்பனச் சொல்லணும்.”

இது தொடக்கம்தான். அடுத்து வருபவை அச்சில் ஏறாது. என் அப்பா, தாத்தா, நான் ஏறி வந்த விமானம், அதை ஓட்டியவன் என்று ஒருத்தரையும் விட மாட்டான். தாயை வைத்துச் சொல்லும் அந்தப் பெரிய வார்த்தையும் வாக்கியத்துக்கு ஒரு தடவை வந்து போகும். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். வராது. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

செல்வி இருந்தபோது அடுப்புப் பக்கத்திலிருந்து கத்துவாள். “ஏண்ணே, புள்ள இருக்கு, வாயக் கழுவிட்டுப் பேசு.”

“எம் மச்சான நான் திட்றேன், ஒனக்கென்ன? நீ போயி ஒலயப் பாரு.”

கத்திக்கொண்டே இலக்கியாவை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவாள். அதை நான் பெரிதாக நினைத்ததே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பங்காளிக்குள் கேலி கிடையாது. பெரியப்பா மகனிடம் வார்த்தையை அளந்துதான் பேசுவோம். ஒரு சொல் கூடிவிட்டால் சாவு வீட்டில்கூட முகம் பார்க்காமல் போய்விடுவார்கள். மாமன் மச்சான் முறை என்றால் அளவே கிடையாது. ஒருவன் மற்றவனை எவ்வளவு கேவலமாகத் திட்டுகிறானோ, உறவு அவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். திட்டு வாங்குகிறவன் கோபப்பட்டால்தான் ஊர் சிரிக்கும்.

எங்கள் பள்ளியில் தமிழ் எடுத்த சார் ஒருவர் இருந்தார். வாயில் ஒரு கெட்ட சொல் வந்தால் பிரம்பு பேசும். ‘நாயே’ என்றால்கூட அடிதான். ஒரு வருடம் விராலிமலைப் பக்கம் திருவிழாவுக்கு நானும் கருப்பையாவும் போயிருந்தோம். முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சத்தண்ணி ஊற்றுகிற நாள். அங்கே அந்த சார் வேட்டி சட்டையெல்லாம் மஞ்சளாகி நின்றுகொண்டிருந்தார். கையில் குடத்தோடு ஒரு ஆள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, நாங்கள் பள்ளிக் கக்கூஸ் சுவரில்கூடப் படித்திராத வார்த்தைகளால் அர்ச்சனை செய்தார். சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

“மச்சினனாத்தான் இருக்கும்” என்றான் கருப்பையா. திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. சாரும் வழக்கம்போலப் பிரம்போடு வந்தார்.

செல்வி இறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. விசா கிடைக்கவில்லை. எரியூட்டியதைக் கருப்பையா போனில்தான் பார்த்தான். அதற்குப் பிறகு வாராவாரம் பேசினான், ஆனால் வேறு ஆள்போலப் பேசினான். “சாப்டீங்களா? புள்ள சாப்டுச்சா?” அவ்வளவுதான். தங்கச்சி போய்விட்டாள், இனி நான் யாரோதானே என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும், “ஏண்டா, சோறு திங்கிறியா, இல்ல பட்டினி கெடந்து நீயும் போயிச் சேரலாம்னு பாக்குறியா, பேதில போறவனே” என்று ஆரம்பித்தான். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முறை போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது இலக்கியா சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “புள்ள இருக்கு” என்று சொல்லி அவளை அடுத்த அறைக்கு அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

3

இந்த இலையுதிர் காலத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இலக்கியா தகாத சொல் பேசியிருக்கிறாள், நேரில் வர வேண்டும் என்றார்கள்.

நடந்தது இதுதான். கோயம்புத்தூரிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு வரிசையில் தனியாக நின்றிருக்கிறாள். தமிழ்ப் பெண் என்று தெரிந்ததில் இலக்கியாவுக்குச் சந்தோஷம். நேராகப் போய் அவள் தோளில் தட்டி, மாமன் போனில் ஆரம்பிக்கிற முழு வாக்கியத்தையும், தாயை வைத்துச் சொல்லும் வார்த்தையோடு, அதே ராகத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இன்னும் விசா வரவில்லை, ஊரில்தான் இருக்கிறாராம். நிவேதா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

பள்ளி அறையில் ஒரு ஆசிரியையும் இலக்கியாவும் நானும். என் ஆங்கிலத்தை நம்பாமல், போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். இலங்கைத் தமிழ் பேசும் அம்மாள், குரலில் வயது தெரிந்தது. ஆசிரியை கம்ப்யூட்டரைப் பார்த்து, ஆங்கில எழுத்தில் இருந்த அந்த வார்த்தையை ஒவ்வொரு அசையாகப் பிரித்து, தெளிவாக, உரக்கப் படித்தார்.

“ஐயோ கடவுளே” என்றது போன்.

எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆசிரியை இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

“ஐயா, இதுக்கு இங்கிலீசில விளக்கம் கேக்கினம்” என்றார் அந்த அம்மாள். “நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

“எனக்கு வராதுங்கம்மா.”

“எனக்கு மட்டும் வருமே? பேரப்பிள்ளையள் கண்ட மனுசி நான்.”

ஆசிரியை போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இலக்கியாதான் ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் பேசினாள். “அம்மாவைப் பத்தின வார்த்தை. எனக்கு முன்னாடி மீனிங் தெரியாது. நிவேதா அழுதப்பறம்தான் தெரிஞ்சது.” பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். “மாமா சொல்லுவாரு, நீங்க சிரிப்பீங்க. அதான் வெல்கம் பண்றதுன்னு நெனச்சேன்பா.”

தெரிந்த ஆங்கிலத்தில் நான் விளக்கப் பார்த்தேன். மனைவியின் அண்ணன், திட்டு, பாசம் என்றேன். “அவர் இந்தச் சொல்லால் உங்கள்மேல் பாசம் காட்டுகிறாரா?” என்று ஆசிரியை கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எதையோ தட்டச்சு செய்தார். போனில் அந்த அம்மாள் நான் சொன்னதை நல்ல ஆங்கிலத்தில் நீளமாக எடுத்துச் சொன்னார். என்ன சொன்னாரோ, ஆசிரியையின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விதி விதிதான். இலக்கியா இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் தனி அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டில் பேசும் மொழியை நான் கவனிக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்தோம். பாதி வழியில் அவள், “சாட்டர்டே தமிழ் கிளாஸ்ல வணக்கம், நலமா, மிக்க நன்றின்னு சொல்லிக் குடுக்குறாங்க. யாராச்சும் அப்படிப் பேசுறாங்களா?” என்றாள்.

“இல்ல.”

“மாமா பேசுறதுதான் ரியல் தமிழ்னு நெனச்சேன். எதை யார்கிட்டச் சொல்லலாம், சொல்லக் கூடாதுன்னு லெசன் ஏதாவது இருக்கா?”

“இல்லம்மா.”

“அப்ப உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுற்றி நாற்பது பேர் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் தானாகவே வந்துவிட்டது. அவளைச் சுற்றி இருந்தது ஒரு போன். நல்ல சொற்களைச் சனிக்கிழமை வகுப்பு கொடுத்தது, கெட்ட சொற்களை ஞாயிற்றுக்கிழமை போன் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கொடுக்க வேண்டியவன் நான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“எறங்கணும், பெல் அடி” என்றேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போடவில்லை. போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கருப்பையாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் கொஞ்சம் பார்த்துப் பேசச் சொன்னேன்.

“புள்ள அழுதுச்சா?” என்று கேட்டான்.

“அழுகல. ஆனா மனசு ஒடஞ்சு போச்சு.”

“எம் வாயாலயா? புள்ளைக்குத் தொந்தரவுன்னா அப்பறம் என்ன. சரிங்க” என்றான்.

அந்த ‘ங்க’ எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் போனை எடுத்ததும், “வணக்கங்க. நல்லா இருக்கீங்களா?” என்றான்.

“மச்சான், வையாம பேசுன்னுதான சொன்னேன். எனக்குப் போயி ஏன் ‘ங்க’?”

“இல்லங்க. வா போன்னு ஆரம்பிச்சா வாயி தானா அங்கிட்டுத்தான் போகுது. இப்படியே பழகிக்கிறேன்.”

பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்டான், உண்டு என்றேன். “இங்கிட்டு இல்லைங்க” என்றான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். வைக்கட்டுங்களா என்று கேட்டான். முன்பெல்லாம் குழம்பு கொதித்து இறக்கும் வரை பேசுவான். இப்போது வெங்காயம் வதங்குவதற்குள் போன் அணைந்துவிடும். ஒரு வாரம் கூப்பிடவே இல்லை. நானே கூப்பிட்டபோது, “கொஞ்சம் வேலைங்க” என்றான்.

ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்தார். “ஒனக்கும் கருப்பையாவுக்கும் என்னடா சண்ட?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

“டீக்கடையில ஒன்னயப் பத்திக் கேட்டேன். ‘அவுக நல்லா இருக்காக’ங்கிறான். முறக்காரன் பேசுற பேச்சா அது? சொத்து கித்துப் பிரச்சினையா?”

இல்லை என்று மட்டும் சொன்னேன்.

பகலெல்லாம் சமையற்கட்டில் ஆட்கள் ஒருவரை ஒருவர் அந்த நாலெழுத்து வார்த்தையால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னையும்தான். எனக்கு அது உறைப்பதும் இல்லை, இனிப்பதும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். இலக்கியா அவள் அறையில் இருக்கிறாள். பஸ்ஸில், கடையில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். யாராவது ஒருவர் உரிமையோடு ‘அடேய்’ என்று கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது. ஐம்பதை நெருங்குகிறவன் ஏங்குகிற ஏக்கமா இது என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

5

போன ஞாயிற்றுக்கிழமை கருப்பையாவின் போன் வந்து, வழக்கம்போலச் சீக்கிரம் முடிந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலக்கியா மேசையிலிருந்து நிமிர்ந்தாள்.

“மாமா ஏன்பா இப்பல்லாம் கஸ்டமர் கேர் மாதிரி பேசுறாரு?”

“நாந்தான் சொன்னேன்.”

“எனக்காகவா?”

“ம்.”

பேனாவை மூடினாள். “நிவேதாகிட்ட சாரி சொல்லிட்டேன். இப்ப நாங்க ஒண்ணாத்தான் சாப்பிடுறோம். அவளே கேட்டா, உனக்கு நிஜமாவே அப்படி ஒரு மாமா இருக்காரான்னு.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்க சத்தமா சிரிச்சு நான் பார்த்தது மாமா திட்டும்போது மட்டும்தான்பா.”

நான் மறுமொழி சொல்வதற்குள் என் போனை எடுத்து அவளே கூப்பிட்டாள்.

“மாமா, நான் இலக்கியா.”

“சொல்லு ஆத்தா. என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” பதறிவிட்டான்.

“அதெல்லாம் இல்ல. நீங்க அப்பாவைத் திட்டுங்க.”

“என்னாத்தா சொல்ற! அந்தக் கழுதப் பேச்செல்லாம் விட்டாச்சு. ஒனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தது போதாதா?”

“யார்கிட்டச் சொல்லணும்னு தெரியாம நான்தான் சொல்லிட்டேன். உங்க தப்பு இல்ல. நீங்க அப்பாவுக்கு மச்சான், நீங்க சொல்லலாம். நான் இருக்கும்போதுதான் சொல்லக் கூடாது. நான் வெளிய போறேன்.”

“அங்கிட்டு மழ பேயுதுன்னு இப்பத்தான சொன்னாரு ஒங்கப்பாரு?”

“தூறல்தான் மாமா.”

போனை என் கையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். கோட்டு எடுத்துக்கொள் என்று நான் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

“புள்ள போயிருச்சா?” என்றான் கருப்பையா.

“போயிருச்சு.”

“கதவு சாத்தியிருக்கா?”

“சாத்தியிருக்கு.”

அங்கே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. இப்போதும் ‘ங்க’ போட்டுவிடுவானோ என்று பயந்தேன். பிறகு ஆரம்பித்தான். இத்தனை வாரம் பல்லைக் கடித்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கொட்டினான். என்னில் தொடங்கி, என் வம்சத்தில் ஏறி, இந்த நாட்டு ராஜா குடும்பம் வரை போய் வந்தான். நடுவில், “எந்தங்கச்சி இருந்திருந்தா இப்படியாடா என்னய வாயக் கட்டிப் போட்டிருப்ப” என்றும் வந்தது. உடனே அதுவரை சொல்லாத பெரிய வார்த்தை ஒன்றைப் போட்டு அதை மூடினான். நான் சிரித்தேன். வயிறு வலிக்கும் வரை சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டின் குட்டைச் சுவரில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நனைந்திருந்தது. போனின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இப்படி அவளைத் திட்டுவதற்கு இந்த ஊரில் முறைக்காரர் ஒருத்தரும் இல்லை. கருப்பையா இன்னும் பேசிக்கொண்டிருந்தான். நான் கையைக் காட்டி அவளை உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை இலக்கியாவுக்குக் காய்ச்சல். இன்றைக்கு வர மாட்டாள் என்று பள்ளிக்கு நானே போன் செய்து ஆங்கிலத்தில் சொன்னேன்.